94 பிள்ளைகளுக்கு 6 ஆசிரியர்கள் போதாதா?

கேள்வி: ஜூன் 14, 2025

"எங்கள் ஊர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை என்று மனு கொடுத்திருக்கிறார்கள். விசாரித்தால் பிள்ளைகள் 90 சொச்சம், ஆசிரியர்கள் தலைமை ஆசிரியரோடு சேர்த்து 6 பேர். 15, 16 பிள்ளைக்கு ஒரு ஆசிரியர்! என் மகன் படிக்கும் தனியார் பள்ளியில் ஒரே அறையில் 42 பேர். இதில் பற்றாக்குறை எங்கே இருக்கிறது? இவ்வளவு செலவு செய்தும் பிள்ளைகள் சேரவில்லை என்றால் பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிட வேண்டியதுதானே?"

ஜூன் 14, இரவு

அப்படி ஒரு பள்ளியில்தான் நான் வேலை பார்க்கிறேன். திருப்பூர் மாவட்டம், ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி, கணக்குப் பட்டதாரி ஆசிரியை. பள்ளி திறந்த ஜூன் 2 அன்று எங்கள் எண்ணிக்கையும் 94தான். ஆசிரியர்களும் 6 பேர்தான். நீங்கள் எங்கள் பள்ளியைத்தான் சொல்கிறீர்களோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன்.

94ஐ 6ஆல் வகுத்தால் 15 சொச்சம் வருவது சரி. ஆனால் எங்களிடம் 94 பேர் கொண்ட ஒரு வகுப்பு இல்லை. எட்டு வகுப்புகள் இருக்கின்றன. ஒன்று முதல் ஐந்து வரை 52 பேர், ஆறு முதல் எட்டு வரை 42 பேர். உங்கள் மகன் வகுப்பில் 42 பேர் இருந்தாலும் அத்தனை பேரும் ஒரே பாடத்தை, ஒரே பக்கத்தில் படிக்கிறார்கள். எங்கள் 52 பேரில் எழுத்தைத் தொட்டுப் பார்க்கும் குழந்தையும் இருக்கிறது, வகுத்தல் போடும் குழந்தையும் இருக்கிறது. அவர்களுக்கு இடைநிலை ஆசிரியர்கள் இரண்டு பேர். ஒன்று, இரண்டு, மூன்று ஒரு அறை. நான்கு, ஐந்து இன்னொரு அறை.

இது யாரோ செய்த தவறு இல்லை. கல்விபெறும் உரிமைச் சட்டத்தின் அட்டவணையே அப்படித்தான் இருக்கிறது. தொடக்க வகுப்புகளில் 60 பேர் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர். 52 பேருக்கு 2 என்பது சட்டப்படி சரி. ஐந்து வகுப்புக்கு 2 என்பது எப்படிச் சரியாகும் என்று சட்டம் சொல்லவில்லை.

ஜூன் 15

நேற்று மேல் வகுப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதுதான் என் அன்றாடப் பிழைப்பு.

ஆறு, ஏழு, எட்டுக்குச் சட்டம் கேட்பது வகுப்புக்கு ஒருவர்: அறிவியலும் கணக்கும் சேர்த்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர். "மொழிகள்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். தமிழும் ஆங்கிலமும் ஒரே ஆசிரியர் கையில் வந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. எங்களிடம் மொழிக்கு இருப்பவர் ஆங்கில ஆசிரியை. தமிழைத் தலைமை ஆசிரியர் எடுக்கிறார், அவர் தமிழ் படித்தவர்.

எங்கள் கால அட்டவணையில் வாரத்துக்கு 40 பாடவேளை. மூன்று வகுப்புக்கு 120. அதில் கணக்கும் அறிவியலும் 39, இரண்டும் என்னுடையவை. ஆங்கிலம் 21, தமிழ் 21, சமூக அறிவியல் 18. மீதி 21 விளையாட்டு, ஓவியம், நூலகம். அவற்றை ஆங்கில ஆசிரியையும் சமூக அறிவியல் சாரும் பிரித்துக்கொள்கிறார்கள். அதாவது எனக்கு வாரத்தில் ஒரே ஒரு பாடவேளை ஓய்வு. அந்த நேரத்தில்தான் நோட்டுத் திருத்தம்.

இதில் ஒருவர் ஒரு நாள் குறுவள மையப் பயிற்சிக்குப் போனால் அன்று ஒரு வகுப்பு ஆளில்லாமல் நிற்கும். தலைமை ஆசிரியரை வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் போவது தமிழ்ப் பாடவேளை. போன ஆண்டு எட்டாம் வகுப்பில் பாடம் முடியாமல் கிடந்தது தமிழ்தான். இதைச் சொல்லவே மனம் வலிக்கிறது.

ஜூன் 15, பின்னால்

"தலைமை ஆசிரியர் பாடம் எடுக்காமல் நிர்வாகம் மட்டும் பார்க்கக் கூடாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 100 பேருக்கு மேல் இருந்தால்தான் முழுநேரத் தலைமை ஆசிரியர்.

ஜூன் 16

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். 100 பேர் என்றது பள்ளி முழுவதற்கும் இல்லை. ஆறு முதல் எட்டு வரை மட்டும் 100ஐத் தாண்ட வேண்டும். எங்களுக்கு அந்த மூன்று வகுப்பில் 42 பேர். ஆகவே அந்தப் பேச்சே எழாது.

ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர்கள் என்பதும் அதே 100ஐ வைத்துத்தான். 2012இல் தமிழகம் முழுவதும் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். எங்கள் பள்ளிக்கும் ஓர் ஓவிய சார் வந்தார். அப்போது எங்களிடம் மேல் வகுப்புகளில் மட்டும் நூற்றுக்கும் மேல் பிள்ளைகள் இருந்தார்கள். பிறகு எண்ணிக்கை இறங்கியதும் அவரை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். இந்த 2025இல் அவர்களுக்கு 12,500 ரூபாய். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. பதின்மூன்று ஆண்டுகளாக அதே பகுதிநேர நிலை. அவர் இப்போதும் சாயங்காலம் ஒரு பிரிண்டிங் பட்டறையில் வேலை செய்துதான் குடும்பத்தை ஓட்டுகிறார்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிறகு சொல்கிறேன்.

ஜூன் 21

"பிள்ளைகள் ஏன் வரவில்லை" என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த வாரம் முழுக்க வீடு வீடாகப் போனோம். காலை 7 மணிக்கே போக வேண்டும், 8 மணிக்கு மேல் வீடு பூட்டியிருக்கும். பனியன் கம்பெனியில் 8.30க்கு ஷிப்ட்.

ஐந்தாம் வகுப்பு முடித்தவர்கள் ஏன் எங்களிடமே ஆறாவது படிப்பதில்லை என்று ஓர் அம்மாவிடம் கேட்டேன். "அங்க மேல்நிலைப் பள்ளியில போட்டுட்டா பன்னெண்டு வரைக்கும் கவலை இல்லைங்க டீச்சர். இங்க போட்டா எட்டாவதுல மறுபடி அலையணும்." இதற்கு நான் என்ன பதில் சொல்வது? அவர் சொல்வது நியாயம். எங்கள் ஆறாம் வகுப்பு ஆண்டுதோறும் இளைப்பதற்குத் தனியார் பள்ளியை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. பேருந்தில் இருபது நிமிடத் தொலைவில் இருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளியும் ஒரு காரணம்.

இன்னொரு பக்கம், ஆறாம் வகுப்பில்தான் தனியாரிலிருந்து எங்களிடம் வருபவர்களும் உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, கல்லூரி போகும் பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், இரண்டும் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குக் கிடைக்கும். 2020க்கு முன் இப்படி ஒரு காரணம் சொல்லிக்கொண்டு யாரும் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. இந்த ஆண்டு நான்கு பேர் வந்தார்கள். நான்கும் பெண் குழந்தைகள்.

எங்கள் எட்டாம் வகுப்பில் 14 பேர். பெண்கள் 9, பையன்கள் 5. ஒரே வீட்டில் மகன் வேனில் ஆங்கிலப் பள்ளிக்கு, மகள் நடந்து எங்களிடம். பெண் பிள்ளைக்கு இது போதும் என்ற நினைப்புதான் காரணம்.

ஜூன் 24

இணைப்பதைப் பற்றி. பக்கத்து நடுநிலைப் பள்ளி எங்களிடமிருந்து இரண்டரைக் கிலோமீட்டர். ஒன்று முதல் ஐந்து வரை 1 கிலோமீட்டருக்குள்ளும் ஆறு முதல் எட்டு வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்பதுதான் மத்திய அரசின் மாதிரி விதி, ஆகவே மேல் வகுப்புகளை இணைக்கத் தாளில் தடை ஏதும் இல்லை. ஆனால் இடையில் நான்குவழிச் சாலை. தண்ணீர் லாரியும் கன்டெய்னரும் ஓடும் சாலை. 12 வயதுப் பெண்ணைக் காலையில் அதைக் கடக்கச் சொன்னால் எத்தனை வீடுகளில் "நீ தம்பியைப் பார்த்துக்கிட்டு வீட்டிலேயே இரு" என்று சொல்வார்கள் என்பது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். என் பெரியம்மா மகள் ஐந்தாவதோடு நின்றாள். ஊரில் தொடக்கப் பள்ளிதான் இருந்தது, அடுத்த ஊருக்கு அனுப்பவில்லை. என்னை விட நன்றாகக் கணக்குப் போடுவாள். இன்று ஐம்பது வயதில் கைமடி வேலை செய்கிறாள், பவர்டேபிள் என்னும் மின் தையல் இயந்திரத்தில் அடிப்பவருக்குத் துணியை மடித்துக் கொடுத்துக்கொண்டு.

ஜூலை 6

பணத்தைப் பற்றி யாருமே கேட்கவில்லை. நானே சொல்கிறேன்.

சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது, அதில் பள்ளிக்கு வேலை இல்லை. சத்துணவுக்குத் தனிக் கணக்கு. பள்ளியின் கையில் வந்து சேருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பள்ளி மானியம். 31 முதல் 100 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 25,000 ரூபாய். 101 முதல் 250 வரை 50,000. எங்கள் பள்ளி 94. இன்னும் ஏழு பிள்ளைகள் இருந்தால் மானியம் இரட்டிப்பாகும்.

எட்டு வகுப்புக்கான சுண்ணக்கட்டி, பதிவேடுகள், பிரிண்டர் மை, குழாய், பல்பு, முதலுதவிப் பெட்டி, கழிப்பறைக்கு பினாயில், பூட்டு எல்லாம் அதில்தான். 94 பேர் பள்ளியானாலும் 101 பேர் பள்ளியானாலும் கழிப்பறை அதே நான்குதான், மோட்டார் அதே ஒன்றுதான். போன ஆண்டு மோட்டார் காயில் எரிந்துபோனது. சரிசெய்ய 6,800 ரூபாய். மானியத்தில் கால் பங்குக்கும் மேல் அந்த ஒரு வாரத்தில் தீர்ந்தது.

ஜூலை 7

திருத்தம் இரண்டு. 25,000, 50,000 என்பது விதியில் உள்ள உச்ச அளவு. கைக்கு வரும் தொகை அதை விடக் குறையலாம், எங்களுக்குக் குறைந்தும் இருக்கிறது. அப்புறம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தூய்மைப் பணிக்கென்று ஒதுக்க வேண்டும்.

இந்தத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம்ஸ்ரீ என்ற மத்திய மாதிரிப் பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழக அரசு கையெழுத்துப் போடவில்லை என்று 2024-25க்கான மத்தியப் பங்கு நின்றுபோனது. தமிழக அரசு சொல்லும் தொகை 2,152 கோடி ரூபாய். இந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறார்கள். தேசியக் கல்விக் கொள்கையைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, இங்கே அதை எழுதப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன்: எந்த ஆட்சி எந்த ஆட்சியோடு சண்டை போட்டாலும் மோட்டார் எரிந்தால் தண்ணீர் இல்லாமல் நிற்பது எங்கள் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். அந்த வாரம் மாதவிடாய் என்றால் அவர்கள் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். நின்றார்கள்.

ஜூலை 19

"பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறதே, அவர்கள் பணம் திரட்டட்டும்" என்ற யோசனைக்கு.

இருக்கிறது. சட்டப்படி முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கள் தலைவி ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா, பனியன் கம்பெனியில் செக்கிங். கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை 3 மணி. அவர் வந்தால் அரை ஷிப்ட் கூலி போகும். ஆனாலும் ஒரு கூட்டம் தவறியதில்லை. தீர்மானத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். "காசு வேணும்னு தீர்மானம் போடறோம், காசு எங்கிருந்து வரும்னு யாரு தீர்மானம் போடுவாங்க டீச்சர்?" என்று போன மாதம் கேட்டார். அவரிடமே போய் நன்கொடை திரட்டுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகஸ்ட் 1

58. 44. மொத்தம் 102.

ஆகஸ்ட் 2

நேற்று அவசரத்தில் எண்ணை மட்டும் போட்டுவிட்டேன். ஆகஸ்ட் 1 அன்று பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ அதை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் செய்வார்கள். எண்ணிக்கை குறைந்தால் உபரி ஆசிரியர் என்று பணிநிரவலில் வேறு பள்ளிக்கு அனுப்புவார்கள். மேல் வகுப்புகளில் 44. தொடக்க வகுப்புகளில் 52ஐ 58 ஆக்கியிருக்கிறோம். ஆறு வீடுகள், ஆறு வாரம். 61 வந்திருந்தால் மூன்றாவது இடைநிலை ஆசிரியரைக் கேட்க ஒரு பிடி கிடைத்திருக்கும். மூன்று பேர் குறைவு.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் நேற்று சாயங்காலம் அழுதார். நாங்கள் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23

மூன்று பேர் வந்துவிட்டார்கள். ஒரே குடும்பம், பீகாரிலிருந்து. அப்பா நிட்டிங்கில் இருக்கிறார், அம்மாவும் பிள்ளைகளும் இப்போதுதான் வந்திருக்கிறார்கள். ஒன்று, மூன்று, ஐந்தாம் வகுப்புகள். இப்போது தொடக்க வகுப்புகளில் சரியாக 61. ஆனால் ஆகஸ்ட் 1 போய்விட்டது.

சேர்க்கையை மறுக்க முடியாது, மறுக்கவும் மாட்டோம். மாற்றுச் சான்றிதழோ பிறப்புச் சான்றோ இல்லை என்றாலும் சேர்க்க வேண்டும், வயதுக்கேற்ற வகுப்பில் உட்கார வைக்க வேண்டும். நல்ல சட்டம், மனமார ஆதரிக்கிறேன். 58க்கு 2 ஆசிரியர் இருந்த இடத்தில் 61க்கும் அதே 2 பேர், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 24

"வடக்கத்திப் பிள்ளைகளுக்கு நாம் ஏன் செலவழிக்க வேண்டும்" என்று எழுதியவருக்கு மட்டும் இது.

எங்கள் 105 பேரில் 23 பேர் வீட்டில் இந்தி, போஜ்புரி, ஒடியா பேசுகிறவர்கள். இன்னும் நாற்பது பேர் தேனி, திண்டுக்கல், புதுக்கோட்டை என்று பிழைக்க வந்த வீட்டுப் பிள்ளைகள். மீதிதான் உள்ளூர், அதிலும் பெரும்பாலும் காலனிப் பிள்ளைகள். நீங்கள் "வடக்கத்தி" என்று பிரிக்கும் கோடு வகுப்பறைக்குள் எனக்குத் தெரிவதில்லை. மூன்று வகைப் பிள்ளைகளுக்கும் அம்மா அதே ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு 9 மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறார். யார் வீட்டிலும் வீட்டுப்பாடம் சொல்லித்தர ஆளில்லை.

மும்பை மாநகராட்சி இன்றும் தாராவியில் தமிழ்வழிப் பள்ளி நடத்துகிறது. அங்கே படித்து வந்த என் சித்தப்பா மகன் இன்று பொறியாளர். அதனால் எனக்கு இது சொந்தக் கடன் மாதிரி.

2006இன் தமிழ் கற்றல் சட்டப்படி இந்தப் பிள்ளைகளும் தமிழ் படித்தே ஆக வேண்டும். ஒன்றாம் வகுப்பில் வந்தவர்களுக்கு அது சுலபம். எங்கள் நான்காம் வகுப்பில் பாட்னா பக்கத்துப் பையன் ஒருவன் "ஏனுங் டீச்சர், சித்த இருங், எழுதிக்கறனுங்" என்கிறான். அவன் அப்பாவுக்கு அவன்தான் மளிகைக் கடையில் மொழிபெயர்ப்பாளர். ஏழாம் வகுப்பில் நேராக வந்து உட்காரும் 12 வயதுப் பிள்ளைக்குத்தான் கஷ்டம். கணக்கில் அவன் கெட்டிக்காரன், வினாவைத்தான் படிக்க முடியவில்லை. நான் எண்ணை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டால் முதலில் முடிப்பவன் அவனே.

ஓவிய சாரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். முதன்முதலில் இரண்டு ஒடியா பிள்ளைகள் வந்தபோது யாரோடும் பேசாமல் மூன்று வாரம் உட்கார்ந்திருந்தார்கள். ஓவிய சார் வகுப்பில்தான் முதலில் சிரித்தார்கள். படம் வரைய மொழி வேண்டியதில்லை. அப்படிப்பட்டவர் மிகவும் தேவைப்படும் இந்த ஆண்டில் அவர் எங்களிடம் இல்லை, மேல் வகுப்புகளில் 100 பேர் இல்லாத காரணத்தால்.

செப்டம்பர் 2

நேற்றைய உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை போகும். ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமென்றால் அவர்களும் எழுத வேண்டும்.

நான் 2008இல் வேலைவாய்ப்பக மூப்பில் வந்தவள். அப்போது இந்தத் தேர்வே கிடையாது. எனக்கு 46 வயது. எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் எழுத வேண்டும். இன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் யாரும் சாப்பிடவில்லை.

கோபம் வருகிறது. ஆனாலும் கடைசி நாளுக்குள் விண்ணப்பித்துவிடுவேன். நவம்பரில் தேர்வு. பிள்ளைகளிடம் பரீட்சைக்குப் பயப்படாதே என்று பதினேழு வருடமாகச் சொல்கிறேன், நான் பயந்தால் அது சரியாகாது.

செப்டம்பர் 20

காலை உணவைப் பற்றி எழுதச் சொல்லி ஒருவர் கேட்டார்.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்க வகுப்புகளுக்கும் வந்தது. எங்கள் பள்ளியில் வருகைப் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும், திங்கட்கிழமை காலை வராத பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். மயங்கி விழும் பிள்ளையை வழிபாட்டுக் கூட்டத்தில் நான் பார்த்து இரண்டு வருடமாகிறது. இந்தத் திட்டத்தை யார் குறை சொன்னாலும் நான் ஏற்கமாட்டேன்.

ஆனால் அது ஒன்று முதல் ஐந்து வரைக்கும் மட்டும். தொடக்கப் பள்ளியில் இது பிரச்சினையே இல்லை. நடுநிலைப் பள்ளியில் ஒரே வளாகம், ஒரே மரத்தடி. தம்பி மூன்றாவது, அக்கா ஏழாவது. இரண்டு பேரும் வெறும் வயிற்றோடுதான் கிளம்பி வருகிறார்கள். அம்மா 8 மணிக்கே போயாகிவிட்டது. தம்பிக்குத் தட்டு உண்டு, அக்காவுக்கு இல்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தம்பி சாப்பிட்டு முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள். தம்பி ஒரு நாள் கையில் பொங்கலை உருட்டி அவளுக்கு நீட்டினான். அவள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வேண்டாம் என்று தலையாட்டினாள். அதைப் பார்த்த பிறகு சமைக்கும் அக்காக்கள் மிஞ்சியதை மேல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதை நாங்கள் யாரும் கேட்பதில்லை. அடுத்த சாப்பாடு அவர்களுக்கு மதியம்தான், முட்டையோடு.

எட்டாவது வரை நீட்டினால் என்ன செலவாகும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியும். ஆனால் போட விருப்பமில்லை. இதைக் கணக்காகப் பார்க்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

அக்டோபர் 11

ஜூன் 21 அன்று எழுதியதை மறுபடி படித்தேன். ஒரு வரி தவறு. "பெண் பிள்ளைக்கு இது போதும் என்ற நினைப்புதான் காரணம்" என்று எழுதியிருந்தேன். காலாண்டுத் தேர்வு முடிந்த பெற்றோர் கூட்டத்தில் எட்டாம் வகுப்பு அம்மாக்கள் இருவரிடம் நேராகவே கேட்டேன். ஒருவர் சொன்னது: "பையன் என்ன படிப்பான்னு தெரியலைங்க, அவனைக் காசு குடுத்துத் தள்ளிட்டுப் போறோம். இவ தானாப் படிக்கிறா." இன்னொருவர் மகள் கல்லூரிக்குப் போகும்போது மாதம் ஆயிரம் வரும் என்று இப்போதே எண்ணி வைத்திருக்கிறார். எல்லா வீட்டிலும் அப்படியில்லை, நான் முதலில் சொன்னதும் நடக்கிறது. ஆனால் நான் அந்த அம்மாக்களை விசாரிக்காமலே தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அந்த 9 பேரில் 7 பேர் தேசிய வருவாய்வழித் திறனறித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். மாநிலம் முழுக்க 6,695 பேருக்கு. மாலை 4.30க்கு மேல் ஒரு மணி நேரம் அவர்களோடு உட்காருகிறேன். அவர்கள் அதற்கு, நான் தகுதித் தேர்வுக்கு. சேர்ந்தே படிக்கிறோம்.

நவம்பர் 8

நேற்று வருகை 81.

அக்டோபர் 20 தீபாவளி. அதற்குப் பின்னாலேயே சத் பூஜை. அதற்காக ஊருக்குப் போகும் பீகார்க் குடும்பங்கள் வழக்கமாக அது முடிந்து பத்து நாளில் திரும்பிவிடுவார்கள். இந்த ஆண்டு நவம்பர் 6, 11 தேதிகளில் பீகாரில் வாக்குப்பதிவு. ஓட்டுப் போட்டுவிட்டுத்தான் வருவோம் என்று இருந்துவிட்டார்கள். 14 பிள்ளைகள் அங்கே. மீதிப் பேர் காய்ச்சல்.

அந்தப் பெயர்களை என்ன செய்வது? எமிஸ் என்ற கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளத்தில் காமன் பூலுக்கு, அதாவது பள்ளியை விட்டுப் போனவர்கள் பட்டியலுக்கு, அனுப்பிவிட்டால் பதிவேடு சுத்தமாகும், ஆனால் எண்ணிக்கை 91க்கு இறங்கும். அனுப்பாமல் வைத்திருந்தால், வராத பிள்ளையைக் கணக்குக் காட்டுகிறோம் என்பார்கள். இங்கே ஒருவர் அப்படி எழுதியும் இருக்கிறார். நாங்கள் வராத நாளுக்கு வராதது என்றுதான் போடுகிறோம். பெயரை எடுக்கவில்லை. மூன்று பேருடைய அப்பாக்களிடம் போனில் பேசியாகிவிட்டது, மாதக் கடைசியில் வருகிறார்கள்.

இதற்கிடையில் நவம்பர் 4 முதல் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம். எங்கள் சமூக அறிவியல் சார் வாக்குச்சாவடி நிலை அலுவலர். படிவத்தோடு தெருத்தெருவாக அலைகிறார். தேர்தல் பணிக்கு ஆசிரியரை எடுக்கலாம் என்று கல்விபெறும் உரிமைச் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது, அதனால் மறுக்கவும் வழியில்லை. ஜூன் 15இல் எழுதிய 120 பாடவேளைக் கணக்கை எடுத்துப் பாருங்கள். அதில் அவருடைய 18க்கும் இப்போது ஆளில்லை.

நவம்பர் 16, இரவு

எழுதிவிட்டு வந்தேன். இரண்டாம் தாள், 150 வினா. கணக்கும் அறிவியலும் நன்றாக இருந்தன. உளவியலில் நேரம் போனது. எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண், 2013இல் நான் எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த பிள்ளை. ஆசிரியர் ஆக வேண்டும் என்று எழுத வந்திருக்கிறாள். "டீச்சர், நீங்களா?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பேச்சு வரவில்லை.

டிசம்பர் 1

பீகார் போன 14 பேரில் 11 பேர் வந்துவிட்டார்கள். "சித்த இருங்" பையனும் வந்துவிட்டான், தேகுவா என்று ஒரு பலகாரம் எனக்குக் கொண்டுவந்தான். ஏழாம் வகுப்புப் பையன் வரவில்லை. சூரத்தில் மாமாவோடு வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அவன் அப்பா சொல்கிறார். வயது 12. அவன் அப்பாவின் போனுக்கு நானும் தலைமை ஆசிரியரும் தினம் ஒரு தடவை கூப்பிடுகிறோம். அவன் பெயரைக் காமன் பூலுக்கு அனுப்ப நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

டிசம்பர் 3

முதலில் கேள்வி கேட்டவர் நேற்று மறுபடி எழுதியிருந்தார், "அப்படியென்றால் எத்தனை ஆசிரியர் வேண்டும் என்கிறீர்கள், ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்" என்று.

ஒன்பது. தொடக்க வகுப்புகளுக்கு இப்போது இருக்கும் 2 பேரோடு இன்னும் ஒருவர். மேல் வகுப்புகளுக்கு அறிவியல் ஒருவர், தமிழ் ஒருவர். தலைமை ஆசிரியர் நிர்வாகத்தையும் வீடு தேடிப் போவதையும் பார்க்கட்டும். இதோடு ஓவிய சாரின் மூன்று அரை நாளைத் திருப்பிக் கொடுங்கள். பிள்ளைகளை ஆகஸ்ட் 1 அன்று ஒரு முறையும், தீபாவளி கழித்து ஒரு முறையும், பொங்கல் கழித்து ஒரு முறையும் எண்ணுங்கள். வந்து போகும் பிள்ளை இருக்கும் பள்ளிக்கு அதிக ஆள் வேண்டும், குறைவாக இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் அந்தப் பிள்ளைக்கு விட்ட இடத்திலிருந்து யாராவது ஆரம்பிக்க வேண்டுமே.

நாளை சமூக அறிவியல் சார் படிவம் ஒப்படைக்கப் போகிறார், ஆங்கில ஆசிரியைக்குப் பயிற்சி. முதல் இரண்டு பாடவேளை ஆறு, ஏழு, எட்டு மூன்றும் என்னிடம். பின்னம் நடத்தலாம் என்றிருக்கிறேன். எட்டாவது பிள்ளைகள் ஆறாவதுக்குச் சொல்லிக்கொடுக்க, ஏழாவதை நான் பார்த்துக்கொள்வேன்.